நான் முறுக்கிய கம்பிகள்

சின்ன ஸ்பேனரின் பின்முனையால் டாக்டரம்மா தன் பைக்கின் முன்சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். இறுக்கமான கம்பி கணீரென்று பேசும். தளர்ந்த கம்பி மொத்தென்று முனகும். மதுரைக்கு மேற்கே ஒரு கால்நடை மருந்தகத்தில் அவர் மருத்துவராகவும் நான் உதவியாளனாகவும் இருந்த காலம் அது. அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பைக் அவருடைய அப்பா ஓட்டியது. சேற்றிலும் சாணியிலும் போய் வந்த ஒவ்வொரு முறையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியை இரண்டு விரலில் சுற்றி, கம்பி கம்பியாகத் துரு துடைப்பார். பிறகுதான் இந்தத் தட்டல். ஏதாவது முனகினால் அதன் அடியில் இருக்கும் திருகாணியை லேசாகத் திருப்புவார். "சக்கரத்த மட்டும் நான் பாத்துக்குறேண்ணே. வேற யாரும் தொட வேண்டாம்" என்று வந்த புதிதிலேயே சொல்லியிருந்தார். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதுதான். ஆனாலும் என் வயதுக்கு அது கொஞ்சம் குத்தியது.

ஒரு வாரக் கடைசியில் அவர் வண்டியை மருந்தகத்திலேயே நிறுத்திவிட்டு வெளியூர்க் கூட்டத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முறை வேலை. ஒரு மாடுகூட வரவில்லை. துணியை எடுத்தேன். உச்சி வெயில் வரைக்கும் துடைத்ததில் முன்சக்கரம் கண்ணைக் கூச வைத்தது. அதோடு விட்டிருக்கலாம். ஸ்பேனரை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஏழெட்டுக் கம்பிகள் முனகின. எல்லாம் ஒரே குரலில் கணீரென்று சொல்லும்வரை முறுக்கினேன். திங்கட்கிழமை சாயங்காலம் வண்டி எடுக்க வந்தவர், "என்னண்ணே, வீலு இப்பிடி மின்னுது?" என்று சிரித்தார். "தண்ணிய ஊத்தித் தொடச்சேன், அம்புட்டுத்தான்" என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆரப்பாளையத்தில் பஸ் மாறும்போது பழக்கமான மெக்கானிக் ஒருவர் டீக்கடையில் நின்றார். பெருமை தாங்காமல் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எத்தன சுத்துண்ணே திருப்புனீங்க?"

"இறுகுற வரைக்கும்."

"யண்ணே, அம்புட்டு முறுக்குனா கம்பியோட முனை உள்ள ட்யூபக் குத்திட்டு நிக்கும்ணே. பின் வீல்னா கூடப் பொழச்சுக்கலாம். முன் வீல்ல வேகமாப் போறப்ப காத்து எறங்குச்சு, வண்டி ஆளத் தூக்கி எறிஞ்சுரும். மொதல்ல போயி வண்டிய எடுக்க விடாமப் பண்ணுங்க."

மருந்தகத்து வாசலில் நான் இறங்கும்போதே பைக் உறுமிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா மருந்துப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். "கன்னு போட முடியாமப் பசு கெடக்காம், விடியக்காலைல இருந்து. ஏறுங்கண்ணே" என்றார். சொல்ல வாயெடுத்தேன். முந்தின நாள் சொன்ன பொய் குறுக்கே நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு மைல் இருக்கும். அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். "ஏண்ணே சாயுறீங்க? நேரா உக்காருங்க" என்றார். எதிரே கரும்பு லாரி வந்தது. இப்போது வெடித்தால் அதன் அடியில்தான் போவோம். அது கடந்ததும் பின்னாலேயே ஒரு பஸ். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்கம்பியை இறுகப் பிடித்தேன். வேட்டி நனைந்து முழங்காலோடு ஒட்டிக்கொண்டது, வியர்வைதான். அடுத்த பாலத்தில் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். பாலம் வரும். உதடு காய்ந்து பல்லோடு ஒட்டியிருக்கும். சாவுக்குப் பயந்தேன். அதைவிட, இந்தச் சின்ன வயதுக்காரர் திரும்பி என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குப் பயந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போய்ச் சேர்ந்துவிட்டோம். கன்றின் முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. டாக்டரம்மா தோள்வரை கையை விட்டு அதை நிமிர்த்த, நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கன்று உயிரோடு விழுந்தது. பசுவின் சொந்தக்காரி அழுதுகொண்டே சிரித்தார். கை கழுவிவிட்டு வண்டியருகே வந்த டாக்டரம்மா, வழக்கம்போலக் குனிந்து ஸ்பேனரால் கம்பிகளைத் தட்டினார். நாலாவது கம்பி வழக்கத்தைவிடக் கீச்சென்று ஒலித்ததும் கை நின்றது. மறுபடி முதலிலிருந்து தட்டினார்.

"யாருண்ணே இதத் தொட்டது?"

"நாந்தாம்மா."

முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், டீக்கடை உட்பட. கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "காலைல பாப்பாவ முன்னால உக்கார வச்சுத்தாண்ணே பால்வாடிக்குக் கொண்டு போனேன்" என்றார். அவருடைய மகள், இரண்டரை வயதுக் குழந்தை. பெட்ரோல் டேங்க் மேல் அமர்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரும். பிறகு போனை எடுத்துத் தன் அம்மாவிடம் அவர்கள் வீட்டுப் பாஷையில் பேசினார். சௌராஷ்டிர மொழியில் எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. குரல் உடைந்தது மட்டும் புரிந்தது. வழி முழுக்க என் உயிரையும் அவர் உயிரையும் எண்ணிக்கொண்டு வந்த எனக்கு, அந்தக் குழந்தையின் நினைப்பு ஒரு முறைகூட வரவில்லை.

ஊர் சைக்கிள் கடைக்காரர் டயரைக் கழற்றினார். ரிம்மின் உள்வளையத்தில் சுற்றியிருந்த ரப்பர் பட்டையைக் கிழித்துக்கொண்டு மூன்று முனைகள் எட்டிப் பார்த்தன. ட்யூபில் அதே இடங்களில் கொசு கடித்தது போலத் தழும்புகள். டாக்டரம்மா என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒரு முனையின் மேல் வைத்தார். முனைகளை அரம் போட்டுத் தேய்த்து, புது ட்யூப் மாட்டியதும், "நீங்க பஸ்ஸுல வாங்கண்ணே" என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார். மேலதிகாரிக்கு எழுதவில்லை. மருந்தகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் பஸ்ஸில் அனுப்பினார். பதினோராவது நாள், "ஏறுங்கண்ணே" என்றார்.

நான் ஓய்வு பெற்று வருடங்களாகிவிட்டன. போன மாதம் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பூ வாங்க வந்திருந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில், அவரைவிட அரைச்சாண் உயரமாக ஒரு பெண். "அடையாளம் தெரியுதாண்ணே? பாப்பா. ப்ளஸ் டூ படிக்கிறா" என்றார். அந்தப் பெண் தலைசாய்த்துச் சிரித்து, "அம்மா உங்களப் பத்தி நெறையச் சொல்லிருக்காங்க" என்றாள். சந்தை இரைச்சலுக்கு நடுவில் எனக்குக் காது அடைத்துப்போனது. டாக்டரம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"நல்லாக் கன்னு இழுப்பீங்கன்னு சொல்லிருக்கேண்ணே" என்றார் அவர், மல்லிகைப் பந்தை முகர்ந்துகொண்டே.