பாய்லருக்குப் பொட்டு வைத்தவன்

அந்தச் சனிக்கிழமை காலை, அமெரிக்காவில் எடிசன் என்கிற ஊரில் இருந்த எங்கள் வீட்டில் நாலே பேர். கீழே பேஸ்மென்ட்டில், பாய்லர் முன்னால், நான், என் அக்காவின் கணவரான மாமா, பக்கத்துத் தெருவில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அண்ணன். மாடியில் பின்பக்க அறையில், அந்த அண்ணனின் மனைவி. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். குறைமாதத்தில் பிறந்த பாப்பாவை அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் போட்ட கண்டிஷன் ஒன்றுதான். பாப்பா படுக்கும் அறை எழுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அக்காவின் அந்தப் பின்பக்க அறையில் தெர்மாமீட்டர் அறுபத்தொன்றில் நின்றது.

கீழே ஹாலில் படுக்க வைக்கலாமே என்று நான் கேட்டுப் பார்த்தேன். "ஹாலுக்கு வர்றவங்க இருமலெல்லாம் பாப்பாவுக்கா?" என்றார் மாமா. கரன்ட் ஹீட்டர் வாங்கலாம் என்றார் அவர். திரைச்சீலை பற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று நான் தடுத்தேன். பிளம்பருக்கு போன் போட்டால் திங்கட்கிழமை வருகிறேன் என்கிறார்.

எங்களுடையது எண்ணெயில் எரியும் பாய்லர். அது தண்ணீரைச் சுட வைக்கும், பம்ப் அதைக் குழாயில் தள்ளும், அது எல்லா அறைச் சுவரடியிலும் ஓடி, ஆறிப்போய்த் திரும்பி வரும். போகிற குழாய்க்கும் திரும்புகிற குழாய்க்கும் நடுவே குறுக்காக ஒரு சின்னக் குழாய், அதில் ஒரு வால்வு. பைபாஸ் வால்வு என்பார்கள். அதை அதிகமாகத் திறந்து விட்டால் வெந்நீர் வீட்டைச் சுற்றப் போகாமல் குறுக்கே புகுந்து பாய்லருக்கே வந்துவிடும். கடைசி அறைக்கு ஒன்றும் போய்ச் சேராது. இதையெல்லாம் இப்போது விவரமாக எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், காரணம் நான்தான் என்பது மட்டும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். ஆயுத பூஜையன்று அங்கே மெஷினில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக்கூடாது. அமெரிக்கா வந்த முதல் ஆயுத பூஜைக்கு மாமா காரைக் கழுவினார், நான் பாய்லரை எடுத்துக்கொண்டேன். வால்வுக்குப் பின்னால் கை போகவில்லை. கைப்பிடியைத் திருப்பிவிட்டுத் துடைத்தேன். குழாயில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது, அதையும் தேய்த்தேன். பாய்லர், பம்ப், வால்வு மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு மேலே போய்ச் சுண்டல் சாப்பிட்டேன்.

குளிர் வந்தது, மாடி சூடாகவே இல்லை. மாமா தெர்மோஸ்டாட்டை ஏற்றிக்கொண்டே போனார், ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டினார். ஒருநாள் பேச்சுவாக்கில், "வால்வு எங்க நிக்கணும்னு பிளம்பர் அன்னிக்கே பென்சில்ல கோடு போட்டுட்டுப் போனாரு" என்றார். நான் அழுக்கென்று தேய்த்தது அந்தக் கோட்டைத்தான். யாரிடமும் சொல்லாமல் கீழே போய், இரண்டில் இருந்த பம்பின் வேகத்தை மூன்றுக்குத் தள்ளினேன். குழாயெல்லாம் குக்கர் மாதிரி விசிலடித்தது. ஹால் வெந்தது. மாடி அப்படியே கிடந்தது.

யாழ்ப்பாணத்து அண்ணன் பல வருஷம் கப்பல் என்ஜின் அறையில் இருந்தவர். அந்தச் சனிக்கிழமை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதென்ன, வால்வுக்குப் பொட்டு?"

"ஆயுத பூஜைக்கு நம்ம மாப்ள வெச்சது," என்றார் மாமா.

"வடிவாத்தான் வச்சிருக்கிறார். கப்பலிலை இப்பிடிச் செய்திருந்தால் கப்டன் எங்களைக் கடலுக்கை போட்டிருப்பான். சரி, பிளம்பர் போட்டதெண்டு சொன்ன கோடு எங்கை?"

மாமா குனிந்து தேடினார். அவர் தேடுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"மாமா, கோட்டை நான்தான் தொடச்சேன். அழுக்குன்னு நெனச்சேன். வால்வையும் திருப்பிட்டேன்."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "அப்ப ஜன்னலுக்கு நான் ஒட்டினதெல்லாம்?"

"வேஸ்ட்டு மாமா."

"ஒன்பது ரோல்டா."

"பம்பையும் மூணுல வெச்சேன்."

"இப்பவே எல்லாத்தையும் சொல்லிடு. காரை ஏதாவது தொட்டியா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே பம்பை இரண்டுக்குக் கொண்டுவந்தார். விசில் நின்றது. வால்வைக் கொஞ்சம் மூடினார், பத்து நிமிஷம் காத்திருந்தார், திரும்பி வரும் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் மூடினார். மொத்தமாக மூடிவிட்டால் என்ன என்றேன்.

"முழுக்கப் பூட்டினால் குளிர்ந்த தண்ணி அப்பிடியே சூட்டு இரும்பிலை வந்து அடிக்கும். இரும்பு வெடிச்சுப்போம், தம்பி."

நான் இரண்டடி பின்னால் போனேன்.

"மேலை என்ன மாதிரி?" என்று அவர் கூப்பிட்டுக் கேட்பார். "ஐஸ்" என்று மாடியிலிருந்து பதில் வரும்.  நாலாம் தடவை, "இஞ்சேருங்கோ, சுடுகுது" என்றார் அவர் மனைவி. அந்த ஒரு வார்த்தைக்கு நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். 

அறுபத்துநாலு. அறுபத்தேழு. எழுபது. பத்துத் தடவையாவது மாடிக்கு ஓடியிருப்பேன். "தம்பி, நீர் கதவைத் திறந்து திறந்து பாத்தால் சூடு எங்கை நிக்கும்?" என்று அண்ணன் மனைவி என்னை வெளியே துரத்தினார். மூன்றரைக்கு எழுபத்திரண்டு; மாமா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நாலேகாலுக்கு எழுபத்துமூன்று. அப்போதுதான் மாமா ஓட்டிய கார் வாசலில் வந்து நின்றது.

அக்கா அறைக்குள் வந்து பாப்பாவின் கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். உள்ளங்கை அளவு தலை. பாப்பா போர்வையிலிருந்து ஒரு கையை வெளியே போட்டுக்கொண்டு தூங்கினாள்.

"நல்லா கதகதன்னு இருக்கே, என்ன பண்ணீங்க?" என்றாள் அக்கா.

"ஒன் தம்பியைக் கேளு," என்றார் மாமா.

சொன்னேன். பாதியிலேயே அவள் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "போதும்டா, ஆபரேஷன் தையல் பிரிஞ்சிடும்." அன்று நாங்கள் சிரித்த மாதிரி அந்த வீட்டில் அதற்கு முன்னால் சிரித்ததில்லை.

வீணாய் எரிந்த எண்ணெய்க்கு நான் கொடுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மாமா விளையாட்டாகக் கணக்குப் போட்டுத் தொண்ணூறு டாலர் என்றார். கையில் மிஞ்சும்போதெல்லாம் பத்துப் பத்தாக ஐந்து தடவை கொடுத்தேன். ஆறாவது பத்தை நீட்டியபோது பாப்பா நடக்க ஆரம்பித்திருந்தாள். "இதுக்கு அவளுக்கு ஷூ வாங்கிட்டு வா, போ" என்றார். வாங்கி வந்தேன். ஷூ கணக்கில் சேராது என்பது என் கட்சி. ஆகவே இன்றைக்கும் நான் மாமாவுக்குத் தரவேண்டியது நாற்பது டாலர்.