கும்பிட்டா அரிக்காது

பெரிய ஓட்டல் ஒன்றின் பின்கட்டில் இருந்த சலவைக்கூடத்தில் அவளுக்கு மூலையக்கா என்று பேர். இஸ்திரி போடும் கொதிக்கும் உருளைக்குள் படுக்கை விரிப்பை ஏற்றும்போது மூலையை அவள் பிடித்தால் ஒரு சுருக்கம் விழாது. "பிடிக்கிறது மூலையை, ஆனா ஒருத்தரையும் மூலையில உக்கார விடமாட்டா" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பாள்.

நாளுக்கு நானூறு விரிப்பு, அத்தனையும் வெள்ளைவெளேர். வீட்டிலிருந்த ஒரே ஒரு சின்ன விரிப்பைத்தான் அவளால் வெள்ளையாக வைத்திருக்க முடியவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் பாப்பாவின் முழங்கையும் முழங்காலும் பட்ட இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம். முதல் வேலையாக அதை அலசிப் போட்டுவிட்டுத்தான் ஊரார் விரிப்பைத் துவைக்கக் கிளம்புவாள்.

பாப்பாவுக்கு நாலு வயது. மூன்றாம் மாதத்தில் கன்னத்தில் தொடங்கிய சிவப்பு உடம்பெல்லாம் இறங்கிவிட்டது. பெரியவர்கள் கரப்பான் என்றார்கள், டாக்டர் எக்ஸிமா என்றார். பேர் எதுவானால் என்ன, அரிப்பு ஒன்றுதானே! போதாக்குறைக்குப் பால் ஆகாது, முட்டை ஆகாது, கடலை வகை எதுவுமே ஆகாது. "மாசமா இருக்கும்போது என்னத்தைத் தின்னு தொலைச்சே?" என்று கேட்காத ஆள் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் வாயைத் திறந்தது சாமியிடம் மட்டும்தான். "அவளுக்குக் குடுத்ததை எனக்குக் குடுத்துடு. எனக்குத் தாங்கும்." நாலு வருஷமாக இதே வேண்டுதல். சாமி இவளுக்குக் கொடுக்கவும் இல்லை, அவளிடமிருந்து எடுக்கவும் இல்லை.

லாரி ஓட்டப் போன வீட்டுக்காரர் பத்து நாளைக்கு ஒருமுறை வருவார், பிள்ளையைப் பார்த்துக் கண் கலங்குவார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் இவள் ஒருத்திதான். ஒரு சாயங்காலம் குளிப்பாட்டிக் களிம்பு பூசும்போது பாப்பா கழுத்தைப் பிய்த்துக்கொண்டாள். சொறியாதே, சொறியாதே என்று சொல்லி இவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கையுறை போட்டால் பல்லால் கழற்றி எறிந்தாள். அலறல் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். வேறு வழி தெரியாமல் இவள் அந்த இரண்டு பிஞ்சுக் கைகளையும் பிடித்துச் சேர்த்து வைத்தாள்.

"கத்தாத தங்கம். கும்பிடு. கும்பிட்டா அரிக்காது. இருபது வரைக்கும் எண்ணு."

பாப்பா கும்பிட்டாள். உள்ளங்கையோடு உள்ளங்கை ஒட்டிக்கொண்டதும் நகத்துக்கு வேலை இல்லாமல் போனது. அரிப்பு எங்கே போனது? சொறிவது மட்டும்தான் நின்றது. அதற்கே இவளுக்கு உயிர் வந்தது. அதுவே பழக்கமாகிவிட்டது.

கோயிலில் பாப்பா கண்ணை இறுக மூடி, விரல் வெளுக்கக் கும்பிட்டு நிற்பாள். "இந்த வயசுல என்ன பக்தி! நீ குடுத்துவச்சவ" என்பார்கள். பிள்ளை உள்ளுக்குள் நாய் படாத பாடு படுவது பெற்றவளுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்து வைப்பாள். உண்மையைச் சொல்வதென்றால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பிள்ளையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காத இடம் அது ஒன்றுதான்.

பாலர் பள்ளியில் சேர்த்தபோது, ஆகாத பண்டங்களை எல்லாம் எழுதிக் கொடுத்தாள். மிஸ் அதை அலமாரிக் கதவில் ஒட்டினாள். தங்கமான பெண், சும்மா சொல்லக்கூடாது. அவளிடம் எல்லாம் சொன்ன இவள் இந்தக் கும்பிடுகிற சங்கதியை மட்டும் சொல்லவில்லை. சாமி கும்பிடுவதைப் பிள்ளைக்குக் கைவிலங்காக்கி வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

சலவைக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் உள்ள தகரப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். அன்று பத்தரை மணிக்கு டீ குடிக்க வந்தவள் போனை எடுத்தாள். மிஸ் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பாப்பா ஜன்னலோரம் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நிற்கிறாள். கீழே, "உங்க பாப்பா பக்தியைப் பாருங்க! ரொம்ப நேரமா இப்படியே நிக்கிறா!" அனுப்பிய நேரம் ஒன்பது ஐம்பது.

படத்தைப் பெரிதாக்கினாள். உதடு வீங்கியிருந்தது.

"ஐயோ, என் பிள்ளை!" டீ அவள் காலிலேயே கொட்டியது. பள்ளிக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. ஈர ரப்பர் ஏப்ரனோடு ஓடினாள். பள்ளி வாசலில் இருந்த காவலாளி ஆஸ்பத்திரி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் மிஸ் அழுதுகொண்டிருந்தாள். "பக்கத்துல இருந்த கொழந்தை கடலை பிஸ்கட்ல பாதி குடுத்திருக்குங்க, நான் பாக்கல. கும்பிடுறான்னுதான் நெனச்சேன். வாந்தி எடுத்த பிறகுதான்..." இவள் யாரை வைவது?

"தொடையில ஊசி போட்டாச்சு, மூச்சு சீராயிடுச்சு. நாளைக்கு வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். பிறகு, "ஏம்மா, கொழந்தைக்குப் பேச்சு வருமில்ல? ஆரம்பத்துலயே ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"வரும் சார். நல்லாப் பேசுவா" என்றாள்.

கட்டிலில் பாப்பா சுருண்டு கிடந்தாள். விரிப்பின் மூலை சரியாகச் செருகப்படவில்லை. இவள் கை தானாகப் போய் அதை இழுத்துச் செருகியது. பாப்பா கண் திறந்தாள். குரல் கரகரத்தது.

"அம்மா, நான் கத்தவே இல்ல. நெறைய இருபது எண்ணினேன்."

இவள் குனிந்து பிள்ளையின் காதருகே சொன்னாள். "இனிமே கும்பிடாத தங்கம். கத்து. நல்லாக் கத்து. எல்லாரும் ஓடி வரட்டும்."

"சாமி கோச்சுக்கும்" என்றாள் பாப்பா.

சொல்லிக்கொண்டே நெளியத் தொடங்கினாள். ஒரு கையில் சலைன் ஏற்ற ஊசி குத்தி அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அதை அசைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மற்றக் கையை மட்டும் நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திக்கொண்டாள்.

"அரிக்குதும்மா. ஒரு கைதான் இருக்கு. உன் கையக் குடு."

சலவைச் சோடாவில் வெந்து தடித்த தன் உள்ளங்கையை அவள் அந்தச் சின்னக் கையோடு சேர்த்து வைத்தாள். பாப்பா கண்ணை மூடி எண்ணினாள். இவளுக்கு எந்த வேண்டுதலும் வாயில் வரவில்லை. கூடச் சேர்ந்து எண்ணினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

அரிப்பு போகவில்லை.

"ஒண்ணு" என்று பாப்பா மறுபடியும் தொடங்கினாள்.