இரண்டு மணி அடித்தால் பாலத்துக்கு வராதே

ஆக்ஸிலியா பத்தொன்பது வருடம் கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டல் ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்தவள். எண்களைப் பெயர்களின் அகர வரிசையில் ஒப்பிப்பாள். போர்டை எடுத்துவிட்டார்கள் என்றதும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கவில்லை. கணவன் ஸ்டீவன் ஜீப் ஓட்டும் பெரும்பாறை காப்பித் தோட்டத்துக்கே ஆபீஸ் வேலைக்கு வந்துவிட்டாள்.

அங்கே அவள் பொறுப்பில் ஒரு மோடம். உள்ளங்கை அகலம், உள்ளே ஒரு சிம், கூரைமேல் ஆன்டெனா. ஓடைத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் அங்கே வைத்த கருவியிலிருந்து ஆபீஸுக்குத் தகவல் வரும். உடனே மோடம் அந்த வழி வரும் பன்னிரண்டு பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இரண்டு மணி அடித்ததும் வைத்துவிடும். பாலத்துக்கு வராதே என்று அர்த்தம். எடுக்கவும் வேண்டாம், திருப்பிக் கூப்பிடவும் வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். பட்டியலும் அவள் எழுதியதுதான். அகர வரிசையில்.

கார்த்திகை மழை. சாயங்காலம் நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் திரையில் எழுத்து ஓடியது. ATD, அதாவது கூப்பிடு; பக்கத்தில் அடைக்கலராஜின் எண். இரண்டு மணி. ATH, வைத்தாயிற்று. உடனே RING, அவரே திருப்பிக் கூப்பிடுகிறார்.

அடைக்கலராஜ் ரிட்டயர்டு வாத்தியார். மிஸ்டு கால் வந்து திருப்பிக் கூப்பிடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "யாரோ அவசரத்துக்கு அடிச்சிருப்பாங்க, கேக்காம இருக்கலாமாம்மா?" என்று அன்றைக்கே நியாயம் பேசியவர். அவர் விடும்வரை மோடம் அடுத்த எண்ணுக்குப் போகாது. விட்டார். மறுபடி அடித்தார்.

ஸ்டீவன் பன்னிரண்டாவது. காப்பி பறிக்கும் பெண்கள் ஒன்பது பேரோடு நாலேகால் வரை மேல்வளைவு டீக்கடையில் நிற்பான். கடையை விட்டால் பாலம் வரை சிக்னல் கிடையாது. ஆபீஸ் லேண்ட்லைன் காலையிலேயே செத்துவிட்டது. அவள் செல்லில் ஒரு கோடுகூட இல்லை.

"சாமி, வைங்க சார்!"

வாசலில் சாக்கு மடித்துக்கொண்டிருந்த பாப்பம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, மெஷினோடயா சண்டை?"

"வாத்தியாரோட! நீ வெரசா பாலத்துக்கு ஓடு. ஜீப்பு வந்தா கையக் காட்டு."

புரோகிராமை நிறுத்தினாள். கையாலேயே ATH தட்டினாள். வாத்தியார் விரல் மறுபடி நகர்வதற்குள் ATD, ஸ்டீவன் எண். மணி நாலு பதினாலு. ஒரு மணி, இரண்டு மணி. அவன் எடுக்கும்வரை விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மோடத்துக்கு வாய் கிடையாது. சத்தமே வராவிட்டால் ராங் நம்பர் என்று வண்டியை எடுத்துவிடுவான். வைத்தாள். மீதிப் பத்துப் பேரையும் அதேபோலக் கூப்பிட்டாள்.

பிறகு RING வந்தபோதெல்லாம் எண்ணைப் பார்த்தாள். வாத்தியார். வாத்தியார். ஸ்டீவன் திருப்பிக் கூப்பிடமாட்டானா என்றிருந்தது.

ஐந்தேமுக்காலுக்கு ஜீப் பின்வாசல் வழியாக, சுற்றுப்பாதைச் சேறு அப்பிக்கொண்டு வந்து நின்றது.

"ஒரு போன் அடிச்சுச் சொன்னா என்ன?" என்றாள்.

"அடிக்காதீங்கன்னு வீடு வீடாப் போயிச் சொன்னவ யாருடி?" என்றான் ஸ்டீவன். ஜீப்பில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் வெள்ளனே பட்டியலைத் திருத்தினாள். ஸ்டீவன் முதலில், வாத்தியார் கடைசியில்.

"என்னம்மா, என்னைக் கடைசிக்குத் தள்ளிட்டியாமே?" என்று வாத்தியார் வந்து நின்றார்.

"உங்களுக்கப்புறம் கூப்பிட ஆளில்ல சார். இனி எத்தனை தடவ வேணும்னாலும் அடிங்க."