பாரிஸுக்குச் சொல்லாத பயணம்

கடந்த கோடையில், லண்டன் நோர்பரியிலிருந்து காரில் போய்ப் பிரான்சின் கிராமங்களையும் கடற்கரையையும் ஆறுதலாகச் சுற்றிவர, வழியிலுள்ள தேவாலயங்கள் கட்டப்பட்ட ஆண்டுகள்வரை படித்துத் திட்டமிட்டேன். பாரிஸில் இருக்கும் மனைவியின் அண்ணனுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் விடுமுறை முழுவதும் உறவினர் வீட்டு விருந்துகளிலேயே போய்விடும் என்று பயந்தேன்.

நோர்மண்டியில், வயல்களுக்கு நடுவே கார் நின்றுவிட்டது. எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. மனைவி அழுதபடி அண்ணனை அழைத்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர், மெக்கானிக்கிடம் பேசி முடித்ததும் இடியப்பப் பொதியை என்னிடம் நீட்டினார்.

"ஏன் மச்சான், சொன்னா உங்களைக் கட்டியே வைச்சிருப்பம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது பிரான்ஸ் பயணமென்றால் முதலில் அவருக்குத்தான் சொல்கிறேன். "வீட்ட வராட்டிலும் பரவாயில்லை, சந்தோசமா சுத்துங்கோ" என்கிறார். அதைக் கேட்கத்தான் இன்னும் கூசுகிறது.