தண்ணி என்ற ஒரே சொல்

என் கணவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பக்கவாதம் வந்ததில் வலது கை செயலிழந்தது; பேச்சும் போயிற்று. நாம் சொல்வது புரியும். ஆனால் நினைத்த சொல் வாய்க்கு வராது, வேறொன்று வந்து விழும். தப்பாக வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்து முகம் சுருங்கிவிடும்.

"அறிவு எங்கேயும் போகலை. ஆமா, இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேளுங்க. கட்டைவிரலைக் காட்டச் சொல்லுங்க," என்றாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண்.

ஒருநாள் மாலை மழை விட்டதும், ஈஜிபுராவில் எங்கள் தெருமுனை வரை நடக்கப் போனார். கூச்சல் கேட்டு ஓடினேன். பேக்கரி முன் கூட்டம். ஒருவன் அவருடைய இடது மணிக்கட்டை முறுக்கிப் பிடித்திருந்தான். சட்டை கிழிந்திருந்தது.

"தண்ணி! தண்ணி!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"குடிச்சது பத்தலையாம். போற வர்றவங்களை எல்லாம் புடிச்சு இழுக்குறான்," என்றான் கையைப் பிடித்திருந்தவன்.

"ஐயோ, அவர் குடிக்க மாட்டாருங்க! ஸ்ட்ரோக் வந்து பேச்சு வராது. கையை விடுங்க!"

யாரும் கேட்கவில்லை. "போலீஸ்கே போன் மாடி," என்று கன்னடத்தில் போலீஸைக் கூப்பிடச் சொன்னார் பேக்கரிக்காரர். அதற்குள் பள்ளிப் பையோடு ஒரு சிறுமி, ஓரத்தில் தேங்கிய தண்ணீரைக் கடக்க வந்தாள். அவர் அவள் பக்கமாகத் திமிறினார். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாங்க, குடிக்கத் தண்ணி வேணுமா?"

கட்டைவிரல் கீழே திரும்பியது.

"இந்தத் தண்ணியில ஏதாவது இருக்கா?"

விரல் மேலே நிமிர்ந்தது. அவர் பார்வை மேலே மின்கம்பத்துக்குப் போயிற்று.

"கரண்ட்டா?"

விரல் மேலே விறைத்து நின்றது. கூட்டம் பின்வாங்கியது. கம்பத்திலிருந்து அறுந்த ஒயரின் நுனி தண்ணீருக்குள் கிடந்ததை அப்போதுதான் பார்த்தோம். பேக்கரிக்காரர் மின்வாரியத்துக்குப் பேசினார். தெருவில் கரண்ட் போகும்வரை அந்தச் சிறுமியின் பையை நான் விடவில்லை.

"சாரிக்கா, தெரியலை," என்று பிடித்திருந்தவன் முணுமுணுத்தான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை.

சில நாள் அவர் வாசலைத் தாண்டவில்லை. பிறகு ஒரு மாலை, தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டார். கூட வரட்டுமா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். மாடியில் நின்று, அவர் பேக்கரியைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.