தேவகோட்டைக்கு ஒரு பொட்டு

ஷெரிலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பொம்மைகளுக்குப் புடவை கட்டுவதும் ஷோகேஸை அலங்கரிப்பதும் அவள் வேலை. பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட எதிரே இருக்கும் பழக்கடையை மனத்துக்குள் மாற்றி அடுக்கிக்கொண்டிருப்பாள்.

முதலாளி வைரவன் அடையாறில் கிளை திறக்கவிருந்தார். அதன் அலங்காரம் முழுவதையும் தன்னிடமே விடும்படி ஷெரில் கேட்டாள்.

"முதல்ல இந்தச் சுவரைச் செஞ்சு காட்டு. அப்புறம் பாப்பம்," என்றார் அவர்.

வெளிநாட்டிலிருந்து புடவை எடுக்க வருகிறவர்கள் தங்கள் ஊரைத் தேடிப் பார்க்க ஓர் உலகப் படம் வேண்டுமாம். ஜனத்தொகைக்குத் தக்கபடி ஊர்களின் புள்ளி இருக்க வேண்டும். ஷெரில் புள்ளிகளுக்கு ஸ்டிக்கர் பொட்டு வாங்கினாள். டோக்கியோவுக்கும் டெல்லிக்கும் ரூபாய்க் காசு அகலம், சென்னைக்குக் கொஞ்சம் சிறிது, சிற்றூர்களுக்குக் கடுகளவு. சுவரில் விரித்த வெள்ளைத் துணியில் உலகம் செக்கச்செவேலென்று பூத்தது.

கடை திறக்குமுன் வைரவன் வந்து படத்தில் மூக்கு உரச நின்றார்.

"தேவகோட்டை எங்கிட்டும்மா இருக்கு?"

"ஒட்னேனே சார்..." ஷெரில் தேடினாள். அது மதுரையின் பொட்டுக்கு அடியில் போயிருந்தது.

"எங்க ஊரை மதுரை முழுங்கிருச்சா!"

கல்லாவில் இருந்த அவர் மனைவி மீனாட்சி மதுரைக்காரி. "இப்பத்தான் தெரியுதாக்கும்? கல்யாணத்தன்னைக்கே முழுங்கியாச்சு," என்றாள்.

விற்பனைப் பெண்கள் சிரித்தார்கள். வைரவன் சிரிக்கவில்லை. "மதுரையைவிடப் பெரிய பொட்டா எங்க ஊருக்கு வைய்யி. இல்லாட்டி அடையாறுக்கு வெளியாளைப் பாத்துக்கிறேன்."

ஷெரிலுக்கு அடையாறு கைநழுவக் கூடாது. இருந்தாலும் சொல்லிவிட்டாள். "அப்டி வெச்சா மீதி ஊரையும் யாரும் நம்ப மாட்டாங்க சார். அளவு மாத்த மாட்டேன். ஊரு தெரியுற மாதிரி பண்றேன்."

மீனாட்சி எழுந்து வந்தாள். "எதைப் புள்ள மொதல்ல ஒட்டுன?"

"சின்னதை."

கிறிஸ்துமஸ் குடில் கட்டிப் பழகிய கை அது. தூரத்துக் குட்டி வீடுகளை முதலில் வைத்துவிட்டு, பெரியவற்றை முன்னால் வைக்கும். வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை என்பதால் வேறு வழி அவளுக்குத் தோன்றவில்லை.

மீனாட்சி தன் நெற்றியைக் காட்டினாள். அகலமான அரக்குப் பொட்டு, அதன்மேல் குட்டியாக ஒரு கல் பொட்டு. "பெரிசுக்கு மேலதான் சின்னது. ரெண்டும் தெரியுதுல்ல?"

ஷெரில் எல்லாப் பொட்டையும் உரித்துவிட்டுப் பெரியவற்றை முதலில் ஒட்டினாள். மேலே சின்ன ஊர்களை மஞ்சளில் வைத்தாள். மதுரையின் ஓரத்தில் தேவகோட்டை பளிச்சென்று உட்கார்ந்தது.

வைரவன் மறுபடி மூக்கு உரச நின்றார். "இம்புட்டுக்கூண்டுதானா?"

"அவ்ளோதான் சார்."

"பிடிவாதக்காரி. சரி, அடையாறையும் நீயே பண்ணு. ஆனா அங்க உலகம் வேணாம். எங்க சிவகங்கை மாவட்டத்தை மட்டும் போடு."

"போடலாம் சார். அதுலயும் காரைக்குடிதான் பெருசு."

வைரவன் தேவகோட்டைப் பொட்டின்மேல் விரலை வைத்தார்.

"அப்ப தேவகோட்டை தாலுக்கா போடும்மா!"