மஞ்சள் அழிந்த வெள்ளி நோட்டு

நீல முத்திரை குத்திய பழைய அமெரிக்க டொலர் நோட்டுகளைச் சேர்ப்பவன் நான். ஒரு காலத்தில் அவற்றைக் கொடுத்தால் அரசாங்கம் வெள்ளி தந்ததாம். கனடாவின் மார்க்கம் நகரில் இருக்கும் அன்ரி ஒருவர், காலமான கணவரின் அப்படியான நோட்டு ஒன்றைப் பழுதாகாமல் உறையில் போட்டுத் தரும்படி கேட்டார். மூலையில் மஞ்சள் கறை இருந்தது. அழிறப்பரால் பக்குவமாகத் துடைத்துக் கொண்டுபோனேன்; பாராட்டுவார் என்றே நினைத்தேன்.

"தம்பி, உதிலை இருந்த மஞ்சள் எங்கை?"

"ஊத்தையெண்டு அழிச்சிட்டன், அன்ரி."

அவர் அந்த மூலையைத் தடவினார். "கனடா வந்த முதல் வருசப்பிறப்புக்கு அவர் மஞ்சள் தடவித் தந்த கைவிசேஷக் காசு. அந்தக் கறை அவரின்ரை விரல் அடையாளம்."

நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்; மஞ்சளின் சுவடே இல்லை.

"விடும். நீர் தெரிஞ்சோ செய்தனீர்?" என்றபடி தேத்தண்ணி போடப் போனார்.

அதற்குப் பிறகு எந்த நோட்டிலும் கறையை நான் தொட்டதில்லை. யாருடைய விரலோ.